நூற்றுப் பதினாலாம் எண் பூனையின் ரோமம்

கிழக்குத் தாம்பரத்தில் வேளச்சேரி சாலையைப் பிடித்துக் கொஞ்ச தூரம் போனால் ஒரு மஞ்சள் கட்டடம் வரும். வாசலில் 'காலாவதிக் கோப்புக் காப்பகம்' என்று பலகை தொங்கும். இனி யாருக்கும் வேண்டாம், ஆனால் தூக்கியெறியவும் கூடாது என்று சர்க்கார் முடிவுகட்டிய காகிதங்களை மூட்டை கட்டி வைத்துப் பாதுகாப்பதற்கென்றே ஏற்பட்ட ஆபீஸ் அது. அங்கே மூன்று மனிதர்களும் ஒரு பூனையும் உத்தியோகம் பார்த்தார்கள். உள்ளதைச் சொல்வதென்றால், மூட்டைகளை எலியிடமிருந்து காப்பாற்றியது பூனைதான். மற்ற மூவரும் பூனையைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தார்கள்.

பூனை பதிவேட்டில் இருந்தது. 'இருப்பு எண் 114. பூனை, ஆண், ஒன்று. சாம்பல் நிறம், கறுப்பு வரிகள், முழு ரோமத்துடன்.' அதிகாரி உள்ளே வரும்போதெல்லாம் வாலைத் தூக்கிக்கொண்டு அவருக்கு முன்னால் நடந்து வழிவிடச் செய்யும் என்பதால் அதற்கு டபேதார் என்று பெயர் வைத்திருந்தார் வேதாசலம். அவர்தான் அங்கே ரிக்கார்டு கிளார்க். அப்போதே பத்தொன்பது வருஷமாகச் செம்பாக்கத்திலிருந்து சைக்கிளில் வந்து போய்க்கொண்டிருந்தார். பிள்ளை குட்டி இல்லாத மனிதர். மனைவி கனகவல்லி கட்டிக்கொடுக்கும் நெத்திலிக் குழம்பில் பாதி மீன் டபேதாருக்குப் போய்விடும். சாப்பாட்டு வேளையில் அது அவர் காலடியில் வந்து உட்காராவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது.

எண்பத்தாறாம் வருஷக் கடைசியில் தோத்தாத்ரி என்பவர் கண்காணிப்பாளராக வந்து சேர்ந்தார். வந்த அன்றே தம் அறையில் உட்கார்ந்தபடி நாற்காலிகளை எண்ணினார். பதிவேட்டில் ஒன்பது, கண்ணுக்குத் தெரிந்தது எட்டு. மூன்று நாள் தேடினார்கள். கிடைக்கவில்லை. 'கரையான் அரித்துவிட்டது' என்று எழுதி மேலே அனுப்பிவிட்டார்கள். அந்த ஒன்பதாவது நாற்காலியில் தோத்தாத்ரியே உட்கார்ந்திருக்கிறார் என்பது நாலாம் நாள் தெரிய வந்தது. எழுதினது எழுதினதுதான். அன்று முதல் அவர் கரையான் தின்று தீர்த்த நாற்காலியில் அமர்ந்துதான் கையெழுத்துப் போட்டார்.

இப்படி மறுபடி நடக்கக்கூடாது என்று ஒரு சுற்றறிக்கை போட்டார். ஆபீஸிலுள்ள எல்லாப் பொருள்மீதும் இருப்பு எண்ணை வெள்ளை எனாமல் பெயிண்டால் எழுத வேண்டும், மாதத்தின் முதல் வேலை நாளில் பழைய எண்ணை மண்ணெண்ணெயால் துடைத்துவிட்டுப் புதிதாக எழுத வேண்டும், விதிவிலக்கு கிடையாது.

வேதாசலம் பயந்துகொண்டே போய் நின்றார். "சார், பூனைக்குமா?"

"ரிஜிஸ்டர்ல இருக்கா இல்லையா?"

"இருக்கு சார்."

"அப்ப எழுதும். ஒரு பூனைக்கு எக்ஸெம்ப்ஷன் குடுத்தா, நாளைக்குப் பெஞ்சு வந்து நிக்கும்."

பெஞ்சு எப்படி வந்து நிற்கும் என்று வேதாசலம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் மெமோ வந்திருக்கும். டபேதாரை மடியில் கிடத்தி இடப்பக்கம் 114 என்று எழுதினார். அதுவும் இவர்தானே என்று பேசாமல் படுத்திருந்தது. பிறகு அன்று பூராவும் மூலையில் உட்கார்ந்து நக்கிக்கொண்டே இருந்தது.

பொங்கலுக்கு இடப்பக்கம் முடி போயிற்று. எண் எழுத இடமில்லாததால் வலப்பக்கம் எழுதினார். பங்குனிக்கு அதுவும் போயிற்று. சித்திரை பிறந்தபோது டபேதார் கழுத்துக்குக் கீழே வாழைத்தண்டு மாதிரி வழவழவென்று இருந்தது. வால் நுனியில் மட்டும் ஒரு கொத்து பாக்கி. அதைப் பார்க்கும்போதெல்லாம் வேதாசலம் முகத்தைத் திருப்பிக்கொண்டு பதிவேட்டைப் புரட்டுவார். தன் கைதான் காரணமோ என்ற சந்தேகம் முதல் மாதமே வந்துவிட்டது. அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. தனக்குத்தானே கூடச் சத்தமாகச் சொல்லிக்கொள்ளவில்லை.

வருடாந்தரச் சரிபார்ப்புக்குத் தலைமை ஆபீஸிலிருந்து அசரியா வந்தார். சந்தேகப்படுவதற்கென்றே சம்பளம் வாங்குகிற மனிதர். வீட்டைப் பூட்டினால் பூட்டை மூன்று தரம் இழுத்துப் பார்ப்பார். நாலாவது தரம் பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டு இழுக்கச் சொல்வார். அப்புறம் பக்கத்து வீட்டுக்காரர் ஏன் அவ்வளவு சுலபமாக ஒப்புக்கொண்டார் என்று யோசித்துக்கொண்டே ரயிலேறுவார்.

பதிவேட்டை விரித்துப் படித்தார். பூனையைப் பார்த்தார். மறுபடியும் படித்தார்.

"முழு ரோமத்துடன்னு போட்டிருக்கு. ரோமம் எங்க?"

"கொட்டிடுச்சு சார்," என்றார் வேதாசலம்.

"எங்க கொட்டிச்சு?"

"இங்கதான் சார், ஆபீஸ்லயே."

"அப்ப ஆபீஸுக்குள்ளதான் இருக்கணும். எடுத்துட்டு வாங்க, சரிபார்த்துடலாம்."

"பெருக்கித் தள்ளியாச்சு சார்."

"யாரைக் கேட்டு? அது சர்க்கார் ரோமம் இல்லையா?"

அசரியா பையிலிருந்து ஓர் அச்சிட்ட படிவத்தை எடுத்தார். அரசுடைமை முழுவதுமாகவோ பகுதியாகவோ இழக்கப்பட்டால் நிரப்ப வேண்டிய படிவம் அது. இழப்பின் காரணம் என்ற இடத்தில் ஆறு கட்டங்கள் இருந்தன: திருட்டு, தீ, வெள்ளம், கரையான், இயல்பான தேய்மானம், ஊழியரின் கவனக்குறைவு.

வேதாசலம் மெதுவாகச் சொன்னார்: "சார், வேணும்னா கரையான்னு போட்டுடலாமா?"

அசரியா அவரை ஏற இறங்கப் பார்த்தார். "கரையான் தின்ன பொருள் கண்ணுக்குத் தெரியக்கூடாது. இது உக்காந்து என்னையே பார்க்குதே!"

உடனே ஒரு குழு அமைந்தது. தோத்தாத்ரி தலைவர், அசரியா உறுப்பினர். பதினைந்து நாளுக்குள் காரணத்தைக் கண்டுபிடித்து ஒரு கட்டத்தில் குறியிட வேண்டும். கண்டுபிடிக்க முடியாவிட்டால் பொருளைக் கண்டம் பண்ணிவிட வேண்டும். கண்டம் பண்ணுவது என்றால் உதவாது என்று எழுதிக் கொல்லைப்புறத்தில் அதிகாரிகள் முன்னிலையில் கொளுத்துவது. போன வருஷம் இரண்டு முக்காலிகளும் ஒரு சுவர்க்கடிகாரமும் அப்படிப் போயின. கடிகாரம் நெருப்புக்குள்ளிருந்து கடைசியாக ஒரு மணி அடித்ததை வேதாசலம் நின்று கேட்டிருக்கிறார். அன்று மதியம் நெத்திலி முழுவதையும் டபேதாருக்கே வைத்துவிட்டு அவர் பட்டினி கிடந்தார்.

குழு கூடிய முதல் நாள் 'திருட்டு' என்ற கட்டத்தை ஆராய்ந்தார்கள்.

"ரோமத்துக்கு மார்க்கெட் இருக்கு," என்றார் அசரியா. "பல்லாவரத்துல வெள்ளிக்கிழமை சந்தைக்குப் போய்ப் பாருங்க. விக்காத பொருளே கிடையாது. நீங்க எதால நம்பர் எழுதறீங்க?"

"பிரஷ்ல சார்."

"பிரஷ் எதுல செய்யறாங்க?"

பிரஷ்ஷைக் கொண்டுவரச் சொன்னார்கள். அதன் முனையில் பெயிண்டோடு ஏழு சாம்பல் நிற முடிகள் ஒட்டிக்கொண்டிருந்தன. அசரியா அவற்றை ஒவ்வொன்றாக எண்ணி உறையிலிட்டு அரக்கு வைத்தார். 'எழுத்தரின் கைவசமிருந்த பிரஷ், பூனையின் ரோமத்தால் செய்யப்பட்டிருக்கலாம் என ஐயத்துக்கு இடமிருக்கிறது' என்று குறிப்பெழுதினார். பூனைமேல் பெயிண்ட் அடித்தால் பூனை முடி பிரஷ்ஷில் ஒட்டத்தான் செய்யும் என்பது அறையிலிருந்த சிலந்திக்குக்கூடத் தெரிந்திருக்கும். ஆனால் அது குழுவில் உறுப்பினர் இல்லை.

அன்றைக்கு வீடு திரும்பும்போது வேதாசலத்துக்கும் அந்தச் சந்தேக நோய் தொற்றிக்கொண்டது. கனகவல்லி குழம்பில் என்ன போடுகிறாள் என்று எட்டிப் பார்த்தார். நெத்திலியை முகர்ந்தார்.

"இன்னா மோப்பம் புடிக்கிற?" என்றாள் கனகவல்லி.

"மீனு நல்ல மீனுதானா?"

"பத்தொம்போது வருசமா அதே ஏசுபாதம் அக்காகிட்டதான் வாங்கறேன். உனக்கு முடி கொட்டிச்சா? எனக்கு கொட்டிச்சா? ஆபீஸ்காரனுங்க உன் புத்திய கெடுத்துட்டானுங்க."

மறுநாள் சாட்சி சொல்ல ரத்தினபாய் அழைக்கப்பட்டாள். ஆபீஸைக் கூட்டிப் பெருக்குகிறவள். துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு, இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"இதுல விசாரிக்கறதுக்கு இன்னா சார் கீது? மாசா மாசம் அதும் மேல கிருஷ்ணாயில ஊத்தித் தொடைக்கிறீங்கோ, பெயிண்ட்ட அடிக்கிறீங்கோ. அது எரிச்சல் தாங்காம நக்கிகினே கீது. முடி கொட்டாம பின்ன வளருமா? நாளைக்கி உங்க தலைமேல நம்பர் எழுதிப் பாருங்களேன்."

வேதாசலம் தலையைக் குனிந்துகொண்டார். அவருக்கு அழுகை வந்தது. நாலு மாசமாக நெஞ்சுக்குள் வைத்துப் பூட்டியிருந்ததை இவள் துடைப்பத்தால் பெருக்குவதுபோல வெளியே தள்ளிவிட்டாள்.

அசரியா பேனாவைத் திறந்தார். "ஏம்மா, நீ தினமும் பினாயில் போட்டுத் தரை துடைக்கறே இல்லையா?"

"ஆமா."

"எழுதுங்க வேதாசலம். 'சாட்சி, தன் பக்கம் சந்தேகம் திரும்பாதிருக்க, அதை நிர்வாகத்தின் பக்கம் திருப்ப முயல்கிறார்.'"

"பேஜாரு புடிச்ச எடம்டா சாமி," என்று ரத்தினபாய் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு போனாள். அதையும் வேதாசலத்தை விட்டு எழுதவைத்தார்கள்.

எட்டாம் நாள் நிபுணர் கருத்துப் பெற வேண்டும் என்று குழுவுக்குத் தோன்றியது. டபேதாரை ஒயர்கூடையில் வைத்து மேலே துண்டைப் போட்டுக் கட்டி, வேதாசலம் பஸ் ஏறி மாட்டாஸ்பத்திரிக்குப் போனார். இரண்டு எருமைக்கும் ஒரு ஆட்டுக்கும் பின்னால் முறை வந்தது. டாக்டர் அபிதகுஜாம்பாள் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு பூனையின் தோலைத் தடவிப் பார்த்தார்.

"பூனைக்கு முடி கொட்டறதுக்குப் பல காரணம் இருக்கு. தெள்ளுப்பூச்சி கடிச்சுக் கொட்டலாம். சொறி, படர்தாமரை வந்து கொட்டலாம். சில தீனி ஒத்துக்காம இருக்கலாம். உடம்புக்குள்ள சுரப்பி கோளாறு பண்ணலாம். சில பூனை பயத்துலயே ராப்பகலா நக்கி நக்கி முடியைப் போக்கிக்கும். இதுக்குத் தெள்ளும் இல்ல, சொறியும் இல்ல." விலாவில் சுரண்டினார். நகத்தில் வெள்ளையாக ஏதோ வந்தது. "இது என்னது?"

"நம்பர் டாக்டரம்மா."

"எதுக்கு நம்பர்?"

"பூனையை யாரும் மாத்திடக்கூடாதுன்னு."

டாக்டர் பூனையைப் பார்த்தார். வேதாசலத்தைப் பார்த்தார். யாருக்கு வைத்தியம் பார்ப்பது என்று ஒரு கணம் அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது போலிருந்தது. "பெயிண்டும் மண்ணெண்ணெயும் தோலைப் பொசுக்கியிருக்கு. இது நக்கி நக்கி உள்ளயும் போயிருக்கும். உடனே நிறுத்துங்க. மூணு மாசத்துல முடி வளர்ந்துடும். நிறுத்தலைன்னா பூனை பிழைக்காது," என்று சொல்லி அப்படியே எழுதியும் கொடுத்தார்.

அந்தக் காகிதத்தைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு வேதாசலம் பறந்து வந்தார். குழு அதை வாங்கி ஒரு மணி நேரம் படித்தது.

"பல காரணம் சொல்லியிருக்காங்க. அதுல ஒண்ணுகூட நம்ம ஆறு கட்டத்துல இல்ல," என்றார் அசரியா. "அதுவுமில்லாம, ஒரு தடவை பார்த்ததுமே கண்டுபிடிச்சிருக்காங்க. எப்படி? முன்னாடியே தெரிஞ்சிருக்கணும். யார் சொன்னது?"

தோத்தாத்ரி தொண்டையைச் செருமிக்கொண்டு எழுந்து நின்றார். பேசும்போது எழுந்து நிற்பது அவர் வழக்கம். கரையான் தின்ற நாற்காலிக்கும் அப்போதுதான் கொஞ்சம் ஓய்வு.

"மிஸ்டர் வேதாசலம், டாக்டர் சொல்றதை நான் மறுக்கலை. பெயிண்ட்டை நிறுத்தினா முடி வளரும். ரொம்ப சரி. நம்பர் இல்லைன்னா அந்தப் பூனை யாரோடது? நாளைக்கு ரோட்டுல போற பூனையெல்லாம் உள்ள வந்து நான்தான் கவர்ன்மென்ட் பூனைன்னா நாம என்ன பண்றது? நிர்வாகம் நம்பிக்கையில நடக்கறதில்லை, ஓய். உம்மை நான் நம்பினா, உம்மைப் பார்க்க நான் எதுக்கு? என்னை மேலிடம் நம்பினா அசரியா எதுக்கு? சந்தேகம்னு ஒண்ணு இல்லைன்னா இந்தக் கட்டடத்துல பூனைக்கு மட்டும்தான் வேலை இருக்கும். பூனை செத்தா இன்னொரு பூனை. நம்பர் செத்தா டிபார்ட்மென்ட்டே போச்சு."

அசரியா கண்கலங்கிக் கைதட்டினார். வேதாசலத்துக்குக் கை எழவில்லை.

பதினைந்தாம் நாள் வந்தது. எந்தக் கட்டத்திலும் குறி விழவில்லை. கண்டம் பண்ணும் உத்தரவில் தோத்தாத்ரி கையெழுத்திட்டார். கொல்லையில் விறகு அடுக்கியாயிற்று. மண்ணெண்ணெய் டின்னும் வந்தது. வேதாசலம் டபேதாரை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றார். அதன் தோல் வெதுவெதுவென்று சூடாயிருந்தது. ஓடிவிடலாமா என்று நினைத்தார். பத்தொன்பது வருஷத்தில் அவர் கால் உத்தரவில்லாமல் எங்கும் ஓடியதில்லை.

அசரியா பதிவேட்டைத் திறந்தார். "விதி பதினேழு. அழிக்கறதுக்கு முன்னாடி இருப்பு எண்ணைச் சரிபார்க்கணும். பூனையைக் காட்டுங்க."

இடப்பக்கம் பார்த்தார். வலப்பக்கம் திருப்பினார். வயிற்றைப் பார்த்தார். எண் இல்லை. முடியோடு எண்ணும் உதிர்ந்துவிட்டிருந்தது. பாக்கியை டாக்டர் சுரண்டியிருந்தார்.

"நம்பர் இல்லையே!" அசரியாவின் கண்கள் சுருங்கின. "பதிவேட்டுல முழு ரோமம். இதுக்கு ரோமம் இல்ல. பதிவேட்டுல நூத்திப் பதினாலு. இதுக்கு நம்பர் இல்ல. சார், இது நம்ம பூனையே இல்ல!"

தோத்தாத்ரி மண்ணெண்ணெய் டின்னைக் காலால் ஒதுக்கினார். "அந்நியப் பூனையை நாம கொளுத்தினா?"

"நம்ம உத்தியோகம் போயிடும் சார்."

இருவரும் வேதாசலத்தைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் டபேதாரை இன்னும் இறுக்கிக்கொண்டார். பிறகு, உத்தியோக வாழ்க்கையிலேயே முதல் தடவையாக, மேலதிகாரிகளுக்குப் புரிகிற பாஷையில் பேசினார்.

"ஆமா சார். எனக்கும் ஆரம்பத்துலேர்ந்தே இது மேல ஒரு சந்தேகம்தான்."

'அனுமதியின்றி வளாகத்துள் புகுந்து, பதினைந்து நாள் அரசுக் குழுவை ஏமாற்றிய வெளிப்பூனையை எழுத்தர் உடனே அப்புறப்படுத்த வேண்டும்' என்று உத்தரவாயிற்று. வேதாசலம் அன்று சைக்கிளை மிதித்த வேகத்தில் செம்பாக்கம் ஏரிக்கரைக் கொக்குகள் எழுந்து பறந்தன.

கனகவல்லி தேங்காயெண்ணெய் தடவினாள். பெயிண்ட் இல்லை, மண்ணெண்ணெய் இல்லை, கண்காணிப்பாளர் இல்லை. டாக்டர் சொன்ன மாதிரியே மூன்று மாதத்தில் சாம்பல் முடியும் கறுப்பு வரியுமாக டபேதார் தளதளவென்று ஆகிவிட்டது. மாலையில் சைக்கிள் மணி கேட்டதும் வாலைத் தூக்கிக்கொண்டு வேதாசலத்துக்கு முன்னால் நடந்து வீட்டுக்குள் அழைத்துப் போகும்.

ஆனால் ஆபீஸ் கணக்குப்படி 114 காணாமற்போயிருந்தது. தேடுதல் நடந்துகொண்டே இருந்தது. ஒரு சனிக்கிழமை கடிதம் கைக்கு வந்தது: ஞாயிறு காலை பத்து மணிக்குக் குழு ஊழியர்களின் வீடுகளைப் பார்வையிடும், பதிவேட்டு விவரத்துக்குப் பொருந்தும் பூனை எந்த வீட்டிலாவது இருந்தால் அது திருட்டுப் பூனை எனக் கருதப்பட்டு மீட்கப்படும்.

வேதாசலம் கடிதத்தைப் படித்துவிட்டு உட்கார்ந்துவிட்டார். "முடி இல்லாதப்ப அவனுங்களுது இல்லன்னானுங்க. இப்ப முடி இருக்கே, அவனுங்களுது ஆயிடுச்சே. கொண்டுபோயி மறுபடியும் பெயிண்ட் அடிப்பானுங்களே கனகு!"

கனகவல்லி டபேதாரைத் தூக்கி அவர் மடியில் வைத்தாள். அப்புறம் உள்ளே போய்க் கத்தரிக்கோலும் அவர் சவரம் செய்துகொள்ளும் ரேசரும் கொண்டுவந்தாள். "நீ கெட்டியா புடிச்சிக்கோ. நான் வெட்டறேன்."

டபேதார் முனகியது. வேதாசலம் அதன் காதில் வாயை வைத்து, "கொஞ்சம் பொறுத்துக்கடா ராசா, இந்த ஒரு வாட்டிதான்," என்று சொல்லிக்கொண்டே இருந்தார். தன் கையால்தான் இதற்கு முதலில் முடி போயிற்று, தன் வீட்டிலேயே மறுபடியும் போகிறதே என்று நினைத்து அழுதார். கனகவல்லியும் அழுதாள், ஆனால் ஒரு கீறல்கூட விழவில்லை.

பத்து மணிக்குக் குழு வந்தது. அசரியா பதிவேட்டைப் பிடித்துக்கொண்டு பூனையைச் சுற்றி மூன்று தரம் நடந்தார். "முழு ரோமம் இல்லை. நம்பர் இல்லை. நம்ம பூனை இல்லை," என்று எழுதினார். காபி கொடுத்ததும், எதற்காகக் கொடுக்கிறார்கள் என்ற சந்தேகத்தில் குடிக்காமல் வைத்துவிட்டார். இரண்டு டம்ளரையும் தோத்தாத்ரி குடித்தார்.

வாசல்வரை போன அசரியா சட்டென்று நின்றார். வேதாசலத்துக்கு உயிர் போய் வந்தது.

"சார், ஒண்ணு கவனிச்சீங்களா? இந்த வீட்டுல பெயிண்ட் கிடையாது, நம்பர் கிடையாது. இருந்தும் பூனைக்கு முடி இல்லை. அப்ப முடி கொட்டறதுக்கும் பெயிண்ட்டுக்கும் சம்பந்தமே இல்லை!"

"பார்த்தீரா!" என்று தோத்தாத்ரி தொடையில் தட்டினார். "நாமதான் கரெக்ட். நாளைக்கே புதுப் பூனைக்கு ஆர்டர் போடறேன்."

திங்கட்கிழமை ரத்தினபாய் ஒரு வெள்ளைக் குட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து வேதாசலத்தின் மேஜைமேல் விட்டாள். பக்கத்தில் பெயிண்ட் டப்பாவும் பிரஷ்ஷும் இருந்தன. இருப்பு எண் 131 என்று சீட்டு சொன்னது. குட்டி அவருடைய விரலை நக்கியது. அவர் டப்பாவின் மூடியைத் திறந்தார். மூடினார். ரத்தினபாயின் முகத்தைப் பார்த்தார். அவள் ஒயர்கூடையை எடுத்து மேஜைக்கடியில் வைத்துவிட்டுப் போனாள்.

அன்று சாயங்காலம் கூடையில் குட்டியை வைத்துத் துண்டால் மூடிக் கட்டினார் வேதாசலம். பிறகு நிதானமாகப் படிவத்தை எடுத்து, 114, 131 என்று இரண்டு எண்களையும் எழுதி, இழப்பின் காரணம் என்ற இடத்தில் 'கரையான்' என்ற நாலாவது கட்டத்தில் குறியிட்டார். கண்ணுக்குத் தெரியாத பொருள்தானே, தடையொன்றும் இல்லை.

இது நடந்து ஆறு வருஷமாகிறது. ஆபீஸுக்குப் புதிதாக வரும் ஒவ்வொரு பூனையும் அதே கூடையில் ஏறியதால், வேதாசலத்தின் வீட்டில் இப்போது ஏழு பூனைகள். ஒவ்வொரு வருஷமும் சரிபார்ப்புக் குழு வீட்டுக்கு வருவதற்கு முந்தின நாள் கனகவல்லி ஏழுக்கும் வரிசையாக முடிவெட்டி விடுகிறாள். காப்பகத்தில் எல்லோர்மேலும் சந்தேகம் உண்டு. ரத்தினபாயின் பினாயில்மேல் உண்டு, டாக்டரம்மா மேல் உண்டு, அசரியாவுக்குத் தோத்தாத்ரிமேலும் தோத்தாத்ரிக்கு அசரியாமேலும் உண்டு. ஏழு பூனைகளைத் தின்ற கரையானின்மேல் மட்டும் இதுவரை யாருக்கும் சந்தேகம் வரவில்லை.